கதீஜாவின் காது

பணி ஓய்வு பெற்ற அன்றைக்கு, மாலையைக் கழற்றி வைப்பதற்குள் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "மேடம், எங்களுக்கு உபயோகமா ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போங்க." லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைக்காதீர்கள் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். கேசரி வந்துவிட்டது. நானும் தப்பித்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். லென்ஸைப் பற்றி உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். கூட வேலை பார்க்கிற ஒருவர், நம் கண்முன்னாலேயே, நம்மைவிட நன்றாகச் செய்துவிட்டால் அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நிமிடம் வந்தபோது நான் தவறாகத்தான் நடந்துகொண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தஞ்சாவூரில் நம் கல்லூரியின் படப்பிரிவில் நான் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். பாடங்களுக்கான படங்கள், பட்டமளிப்பு விழாக்கள், அவற்றுக்கு நடுவே வருடத்துக்கு ஒரு ஆவணப்படம். பெரிய கோயிலைச் சூரியோதயத்தில் எடுத்திருக்கிறேன், மழையில் எடுத்திருக்கிறேன், டிரோன் வந்த பிறகு மேலிருந்தும் எடுத்திருக்கிறேன். நடவு வயலில் வானம் தெரிவதை எத்தனை முறை எடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "அழகா இருக்கு மேடம்" என்பார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அது எனக்கு உறுத்தாமலும் இல்லை.

ஒலிப்பதிவுக்கு என்று கதீஜா வந்து சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயதிருக்கும். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பாபநாசத்தில் மெயின் ரோட்டின் மேலேயே அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, துணிக்கடை. அந்தக் கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே வளர்ந்தவள். ஹாரன் சத்தத்தை வைத்தே வருவது கும்பகோணம் வண்டியா தஞ்சாவூர் வண்டியா, ஓட்டுகிறவர் அவசரக்காரரா நிதானக்காரரா என்று கடைக்குள்ளிருந்தே சொல்வாளாம். கணவர் ஷார்ஜாவில், அவரை மச்சான் என்பாள். எல்லோரும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குப் படம் அனுப்புவார்கள். இவள் சத்தம் அனுப்புவாள். ஏன் என்று கேட்டேன்.

"மச்சான் தான் சொன்னார் அக்கா. போட்டோல எல்லா ஊரும் ஒரே மாதிரி அழகா இருக்காம். சத்தத்தைக் கேட்டாத்தான் நம்ம ஊருன்னு தெரியுதாம்."

மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பாள். தனியாக இருக்கும்போது அக்கா.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஹெட்போனை என் காதில் மாட்டிவிடுவாள். "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்." பழைய பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற அம்மா நாரைச் சுண்டி இழுப்பது. கீழ்ப்பாலத்துக்குள் நுழையும் ஆட்டோக்காரர் ஒருவர் வெறும் எதிரொலிக்காகவே ஹாரன் அடித்துவிட்டு, அது திரும்பி வருவதைக் கேட்டுச் சிரிப்பது. நான் ஒன்றைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. அத்தனையும் நான் தினமும் கடந்து போகிற இடங்கள். பத்து வருடம் இது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

பதினோராவது வருடம், அறுவடை முடிந்து நெல்லும் அரிசியும் ஊரைவிட்டுக் கிளம்பும் சமயம். தஞ்சாவூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்குமே, அதில் ஸ்கூட்டரோடு மாட்டிக்கொண்டு நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அந்த ஷெட்டுக்குள் அவள் போயிருக்கிறாள். லாரிக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருப்பார்கள். அதன் மேல்தான் ஆட்கள் மூட்டையோடு போய் இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். அந்தச் சத்தத்தை என் காதில் மாட்டினாள்.

"கேட்டீங்களா? மூட்டையோட போறப்ப பலகை வாயே திறக்க மாட்டேங்குது. அமுங்கிக் கிடக்குது. வெறுங்கையோட திரும்பி வர்றப்ப தான் சத்தம் போடுது."

கேட்டேன். கனமான காலடிக்கு ஒரு முனகல்கூட இல்லை. திரும்பும் காலடிக்குப் பலகை தடதடவென்று துள்ளுகிறது. அந்த ஒரு நிமிடத்தில், பாரம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் நான் எடுத்த எந்தப் படத்திலும் அது இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். எனக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல. இது ஏன் எனக்குக் கேட்கவில்லை என்ற கேள்வி நெஞ்சில் முள் மாதிரி நின்றது.

அடுத்த நாள் காலையிலேயே கேமராவை எடுத்துக்கொண்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். கதீஜாவும் கூடவே மைக்கோடு வந்தாள், சந்தோஷமாகத்தான் வந்தாள். அந்த வருடம் தஞ்சாவூரைப் பற்றி நான் எடுத்துக்கொண்டிருந்த பதினெட்டு நிமிடப் படத்தில் அந்தப் பலகை இரண்டு நிமிடம் இடம்பிடித்தது. படத்தில் உயிரோடு இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான். எனக்கும் அது தெரியும்.

படத்தைத் திருச்சியில் நடக்கவிருந்த ஒரு குறும்பட விழாவுக்கு அனுப்ப முடிவு செய்தோம். அந்த நேரத்தில்தான் கதீஜா ஒரு வாரம் லீவு எடுத்தாள். பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த பழைய சின்ன கேமராவைக் கேட்டாள். "சும்மா, எங்க தெருவை எடுத்துப் பார்க்கலாம்னு." கொடுத்தேன்.

லீவு முடிந்து வந்த அன்று மத்தியானம், அறைக்கதவைச் சாத்திவிட்டு, என் கம்ப்யூட்டரில் ஏழு நிமிடப் படம் ஒன்றைப் போட்டாள். கீழவாசல் பக்கம் அவள் குடியிருக்கும் சந்து. காலை எட்டு மணி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குக்கர் விசில், ஒன்று கீச்சென்று, ஒன்று அடித்தொண்டையில். குப்பை வண்டியின் ஒலிபெருக்கி தூரத்தில் வந்து, அருகில் வந்து, மறைகிறது. ஒரு வீட்டு வாசலில் ஸ்கூட்டர் கிளம்ப மறுக்கிறது. மிதிக்கிறார், மிதிக்கிறார். அவர் மனைவி சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். நான்கு நிமிடம் இதுதான். கடைசியில் வண்டி கிளம்பிப் போகிறது. மற்ற வண்டிகளும் போகின்றன. சந்து காலியாகிறது. விசில்கள் நின்றுவிடுகின்றன. அந்தப் பெண் கேட்டைச் சாத்துகிறாள். சாத்திவிட்டு, அந்தக் கம்பியில் கை வைத்தபடியே, ஒரு பெருமூச்சு விடுகிறாள். படம் முடிந்துவிடுகிறது.

நான் அடுத்த சந்தில் குடியிருக்கிறேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். கறிவேப்பிலை வாங்குகிற இடத்தில் தினமும் பார்ப்பேன்.

"இன்னொரு தடவை போடு" என்றேன். போட்டாள். இரண்டாவது முறையும் அந்த மூச்சு வந்த இடத்தில் என் கண் திரையைவிட்டு நகரவில்லை. நான் இத்தனை வருடம் எடுத்த எல்லாவற்றையும்விட இது பெரியது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. கதீஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் நல்லா பண்ணியிருக்க" என்று ஆரம்பித்தேன். "ஆனா இது படம் இல்ல கதீஜா. எடுத்து வெச்ச காட்சிகள், அவ்வளவுதான். கதைன்னு ஒண்ணு வேணுமே. பார்க்கிறவங்க நாலு நிமிஷம் ஒரு ஸ்கூட்டரைப் பார்ப்பாங்களா?"

"திருச்சிக்கு இதையும் அனுப்பலாம்னு நினைச்சேன். நாளன்னைக்கிக் கடைசி நாள்."

"அனுப்பினா நம்ம பேருதான் கெடும். இன்னும் கொஞ்சம் கத்துக்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"அப்படியா அக்கா?" என்றாள். பென் டிரைவைப் பிடுங்கி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கதை வேண்டும், பார்வையாளர் பொறுமை, கற்றுக்கொள். வகுப்பில் உங்களுக்கும் இவற்றையே சொல்லியிருக்கிறேன். பொறாமை திட்டிக்கொண்டு வந்தால் நாமே அடையாளம் கண்டுகொள்வோம். அனுபவசாலியின் ஆலோசனை மாதிரி வந்ததால் எனக்கே அன்றைக்கு அது அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

திருச்சி விழாவில் என் படம் ஓடியது. பலகை வந்த இடத்தில் அரங்கம் அப்படியே நிசப்தமானது. முடிந்ததும் என்னை மேடைக்கு அழைத்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "அந்தப் பலகைச் சத்தம்... அதை எப்படிங்க கவனிச்சீங்க?"

கதீஜா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் பெயரைச் சொல்ல எனக்கு மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

"அந்த வழியாத்தாங்க தினமும் ஆபீசுக்குப் போவேன்" என்றேன். "லாரியில மாட்டிக்கிட்டு நிக்கிறப்ப ஒரு நாள் காதுல விழுந்துச்சு. ஊரைக் கேட்கக் கத்துக்கிட்டா எல்லாம் தானா வரும்."

கைதட்டினார்கள். நானும் கும்பிட்டேன்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரப் பயணம். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தோம். வழக்கமாக இந்தப் பயணத்தில் அவள் பேசிக்கொண்டே வருவாள், டிரைவர் கியர் மாற்றுவதைக்கூட விமர்சிப்பாள். அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வல்லம் தாண்டியபோது, "தலை வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல மேடம்" என்றாள். யாரும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் மேடம்.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் ஹெட்போன் வரவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டதைப் பதிவு செய்தாள், கேட்காததைப் பதிவு செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து, நூலகத்தில் ஓர் இடம் காலி இருக்கிறது, அங்கே மாற்றிக் கொடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். பரிந்துரைக் கையெழுத்துக்காகக் கடிதம் என் மேஜைக்குத்தான் வந்தது.

அதே வாரத்தில் திருச்சியிலிருந்து வேறொரு கடிதம் வந்தது. என் பதில் விழாக்காரர்களுக்கு மிகவும் பிடித்திருந்ததாம். 'ஊரைக் கேட்பது எப்படி' என்று இளைஞர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பை நான் நடத்த வேண்டுமாம். முதல்வருக்கு ஒரே பூரிப்பு. "கல்லூரிக்கே பெருமை மேடம். நோட்டீஸ் போர்டுல போடச் சொல்லிட்டேன்" என்றார்.

இரண்டு கடிதங்களையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றில் கையெழுத்துப் போட்டால் கதீஜா நூலகத்துக்குப் போய்விடுவாள், கூட்ஸ் ஷெட் கதை யாருக்கும் தெரியவராது. இன்னொன்றில் கையெழுத்துப் போட்டால், எனக்குத் தெரியாத ஒன்றை மூன்று நாள் நான் சொல்லித்தர வேண்டும். அவளுடைய பதிவுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, எனக்குக் கேட்டதாகச் சொல்லித்தான் அந்த வகுப்பை நடத்த முடியும். மனதுக்குள் அந்த வகுப்புக்கு ஒத்திகையே பார்க்க ஆரம்பித்திருந்தேன் என்பதைக் கவனித்தபோதுதான் பயம் வந்தது. இதற்குமேல் போனால் என்னால் திரும்பி வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்டூலைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"உன் படத்தைப் பத்திப் பேச வந்தேன் கதீஜா."

"எந்தப் படம்?"

"இந்தச் சந்தை எடுத்தியே. அது நல்ல படம். அன்னைக்கே எனக்குத் தெரியும். பொறாமையில அப்படிச் சொன்னேன்."

கை நிற்கவில்லை. ஓர் இறாலை உரித்து, முதுகு நரம்பை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"தெரியும்க்கா. ரெண்டாவது தடவை போடச் சொன்னீங்கள்ல. நல்லா இல்லாத படத்தை யாரு ரெண்டு தடவை பார்ப்பா?"

"அப்புறம் ஏன் அனுப்பல?"

"பதினோரு வருஷமா நீங்க நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் எனக்கு அது நல்லா இருக்கும். அன்னைக்கு உங்க கண்ணு ஒண்ணு சொல்லுச்சு, வாய் ஒண்ணு சொல்லுச்சு. நான் வாயை நம்பிட்டேன்."

பலகையைப் பற்றி மேடையில் சொன்னதும் பொய்தான், அதற்கும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"அது போகட்டும்க்கா. மேடை ஏறினா யாருக்கும் நாக்கு தடுமாறும். மச்சான் ஷார்ஜாலருந்து போன் பண்ணி, 'படத்தை அனுப்பிட்டியா'ன்னு கேட்டாரு. 'அது ஒண்ணும் சரியா வரலைங்க'ன்னு சொன்னேன். என் படத்தை நானே, என் வாயால. அதைத்தான் என்னால தாங்க முடியல."

குக்கர் ஒன்று எங்கேயோ கத்தியது. இருவரும் அதைக் கேட்டோம்.

"வகுப்பை நீ நடத்து. நான் எழுதிப் போட்டுடறேன்" என்றேன்.

"உங்க மனசு லேசாகணும்னு நான் கிளாஸ் எடுக்கணுமா? எனக்குப் பேச வராது." கையை அலம்பிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "படம் எடுக்க வரும். கோடையில இந்த ஊரு தண்ணிக்காகக் காத்துக் கிடக்குதுல்ல, அதை எடுக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. நான் எடுக்கறேன். கேமராவை நீங்க பிடிங்க. நான் காட்டற இடத்துல வைக்கணும், நான் சொல்றப்ப எடுக்கணும். முடியுமா?"

முடியும் என்றேன். என்ன சொல்கிறேன் என்று முழுக்கத் தெரியாமல்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை விழாக்காரர்களுக்கு எழுதினேன். பலகைச் சத்தத்தைக் கண்டுபிடித்தவர் கதீஜா, மேடையில் நான் சொன்னது உண்மையல்ல, வகுப்பு நடத்தும் தகுதி எனக்கு இல்லை. மூன்றே வரி. நகலை முதல்வருக்கும் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை இப்படி எழுதித்தான் ஆகணுமா மேடம்?" நோட்டீஸ் போர்டிலிருந்த தாளை அன்று மத்தியானமே எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் சில மாதம் எனக்கு வணக்கம் குறைந்தது. திருச்சியிலிருந்து பதிலே வரவில்லை. நூலகக் கடிதத்தைக் கதீஜாவே திரும்ப வாங்கிக் கிழித்தாள்.

மன்னிப்புக் கேட்டதோடு பொறாமை போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை. ஏப்ரல், மே வெயிலில் அவள் பின்னால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது இன்னும் கூடியது. என்னை ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிறுத்துவாள். லாரியை எடுக்கக் கூடாது, குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு "இப்ப" என்பாள். எடுப்பேன். சாயங்காலம் போட்டுப் பார்த்தால் அது சரியாக இருக்கும். ஒவ்வொரு நாளும் சரியாக இருக்கும். ஒரு நாளாவது இவள் தவறு செய்யமாட்டாளா என்று மனம் காத்துக்கொண்டிருந்ததை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

ஜூன் மாதம் கல்லணை திறந்தார்கள். நம் ஊருக்குள் ஓடுகிற புது ஆற்றுக்கு மறுநாள் காலை தண்ணீர் வந்துவிடும் என்றார்கள். நான்கு மாதமாக வறண்டு கிடந்த ஆறு. அந்தப் படுகையில் ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் சவாரி இல்லாத நேரத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். அன்றைக்கும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கே பாலத்தின் மேல் கூட்டம். பொதுப்பணித் துறை ஜீப் ஒன்று கரையோரமாக வந்து, "ஆற்றுக்குள் இருப்பவர்கள் உடனே மேலே ஏறவும்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனது.

நான் மேற்கே பார்த்துக் கேமராவை நிறுத்திவைத்தேன். வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்தது. வளைவைத் தாண்டித் தண்ணீரின் முகம் தெரிந்தது. நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் தள்ளிக்கொண்டு, மண்ணை நனைத்து நனைத்து மெதுவாக ஊர்ந்து வருகிறது. பாலத்தில் இருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த சட்டகம் அது. வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். இந்த ஒரு காட்சியையாவது என் காட்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

முழங்கையில் ஒரு தட்டு. கதீஜா ஹெட்போனோடு நின்றாள்.

"அக்கா, தண்ணிய விடுங்க. கீழே பாருங்க."

"என்ன சொல்ற? வந்துட்டே இருக்கு பாரு!"

"தண்ணி வர்றது எனக்குக் கேக்குது. அது போதும். மட்டையைத் தட்டறாரு, கேளுங்க. கீழே எடுங்க, சீக்கிரம்!"

எனக்கு எந்த மட்டையும் கேட்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல், ஜீப்பின் மைக், அவ்வளவுதான். ஆனால் கீழே எட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் பாதிப்பேர் படியில் ஏறிவிட்டார்கள். நடுவில் ஒருவர் மட்டும், தொப்பை தெரியக் காக்கிச் சட்டையை அவிழ்த்துவிட்டு நின்ற ஆட்டோக்காரர், மட்டையைத் தரையில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு பால்டா! போட்டுட்டுப் போங்கடா!"

இரண்டையும் எடுக்க நேரமில்லை. திரும்பினால் தண்ணீரின் முகம் போய்விடும். என் படமாக இருந்தால் சத்தியமாகத் திரும்பியிருக்க மாட்டேன். அவள் சொல்வது தவறாக இருந்தால் இன்றைக்காவது தெரிந்துவிடும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. திரும்பவே மாட்டேன் என்று நின்றிருந்தால் அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது, கேமரா என் கையில்தான் இருந்தது. ஆனால் கேமராவை அவள் சொன்ன இடத்தில் வைப்பதாகச் சொல்லியிருந்தேன். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். முக்காலியின் பிடியைத் தளர்த்திக் கீழே திருப்பினேன்.

பந்து போடுகிறவர் படியிலிருந்து இறங்கி வந்தார். ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே போட்டார். தொப்பைக்காரர் முழு பலத்தோடு அடித்தார். பந்து உயரே போய்ச் சட்டகத்தைவிட்டு வெளியேறியது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். ஒரு நொடி கழித்து, தெரியாத இடத்திலிருந்து, 'தொளக்'. பந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். காலியான படுகையில், சுண்ணாம்பால் போட்டிருந்த கோடு மட்டும் இருந்தது. அதன் மேல் முதல் நுரை வந்து தொட்டது.

படத்தில் அதுவரைக்கும் தண்ணீர் எங்கேயும் தெரியாது. சத்தம்தான் வந்துகொண்டே இருக்கும்.

"கிடைச்சுதா?" என்றாள்.

"கிடைச்சுது" என்றேன். உள்ளே நன்றாகவே எரிந்தது. கண்ணால் வேலை செய்கிறவள் நான், காதால் பார்த்தவள் அவள்.

அந்தப் படம் எங்கெங்கோ போனது. இயக்கம் கதீஜா, ஒளிப்பதிவு மாலதி என்று திரையில் வந்தபோது நான் கைதட்டினேன். அவள் பெயருக்கு வந்த கைதட்டல் என் பெயருக்கு வந்ததைவிட எத்தனை பங்கு அதிகம் என்பதையும் என் காது குறித்துவைத்துக்கொண்டது. மூன்று வருடம் கழித்து நான் ஓய்வு பெற்றேன், அவள் இப்போது உங்கள் பிரிவுத் தலைவியாக இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். "எழுதுங்க. இறால் உரிச்சதை மட்டும் வேணா எடுத்துடுங்க, வேற ஏதாவது நல்ல வேலையாப் போடுங்க" என்றாள். எடுக்கவில்லை.

எனவே, தம்பி தங்கைகளே, உங்களுக்கு இந்த எரிச்சல் வராது என்று நான் சொல்லமாட்டேன். கூட இருப்பவர் கொண்டுவந்து காட்டுவதைப் பார்க்கும்போது வரும். வந்தால், காட்டியது நல்ல வேலை என்று அர்த்தம். என் விஷயத்தில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. பார்த்த ஐந்து நிமிடத்துக்குள் நல்லா இருக்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஆறாவது நிமிடத்தில் நியாயமான காரணங்கள் வர ஆரம்பித்துவிடும். அவை மிகவும் நியாயமாக இருக்கும்.

போன வாரம் கதீஜா ஒரு புதுப் படம் அனுப்பியிருந்தாள். மன்னார்குடியில் ஒரு தையற்கடை, பன்னிரண்டு நிமிடம். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் வயிறு அப்படி எரிந்தது. உடனே போனை எடுத்து, "நல்லா இருக்கு கதீஜா, ரொம்ப நல்லா இருக்கு" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.